உப்புக் கேணித் தண்ணீர்

ராமநாதபுரத்துப் பக்கம் ரயில் தண்டவாளம் எட்டிப் பார்க்காத காலம். கூத்தன்வலசை என்று ஒரு ஊர். வேறெங்கும் தேட வேண்டாம், இதே ஊர்தான். கிழக்கே கடல், மேற்கே பனங்காடு, நடுவில் குடிக்க ஒரு ஊருணி. அந்த ஊரில் வயிரவன் என்று ஒரு கொத்தனார் இருந்தாராம். அவருக்குச் சேதாயி என்று ஒரு மனைவி. அவர் கரணை பிடித்துப் பூச, அவள் சித்தாளாகச் சாந்து எடுத்துக் கொடுப்பாளாம். ஊர் அவர்களை ஒன்றாகத்தான் பார்த்திருக்கிறது. தனித்தனியாகப் பார்த்ததில்லை.

வயிரவன் வீடு கட்டுகிற விதம் ஒன்று உண்டு. மனை காட்டியதும் அளவுக் கயிறு பிடிக்கமாட்டாராம். காலையில் போய் அந்த மனையில் சும்மா உட்கார்ந்துகொள்வாராம். வெயில் எந்தப் பக்கம் ஏறுகிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருப்பாராம். வழியில் போகிறவர்கள், "என்ன வயிரவா, மனைய அடைகாக்குறியா?" என்று கேட்பார்களாம். "ஆமா, பொரிக்கட்டும்" என்பாராம்.

பிறகு வீட்டுப் பெண்களைக் கூப்பிடுவாராம். "வெளக்கு யாரு ஏத்துவா?" என்பாராம். மருமகள் ஏற்றுவாள் என்றால் மருமகளை வரச் சொல்லி, சுவர் எழும்பும் இடத்தில் நிற்க வைத்து, அவள் தோள் உயரத்தைக் கோலில் குறித்துக்கொள்வாராம். அந்த உயரத்தில்தான் விளக்கு மாடம் வரும். மாமியார் சண்டைக்கு வருவாளாம். "நான் ஏத்தக்கூடாதா? எனக்கு எட்ட வேணாமா?" "உங்களுக்குக் கீழ இன்னொண்ணு வைக்கிறேன் ஆத்தா. ரெண்டு வெளக்கு எரிஞ்சா வீடு கெட்டா போகும்?" என்பாராம். அப்படி இரண்டு மாடம் வைத்த வீடுகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன.

சுவர் பூச்சு என்றால் அவருக்கு உயிர். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. அதைக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்து, நாள் கணக்கில் புளிக்க வைத்து, பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவருவாராம். சுண்ணாம்பை எடுத்து மோந்து பார்ப்பார். மணலைக் காதருகே வைத்து நெரித்துப் பார்ப்பார். செங்கல்லைத் தட்டிப் பார்ப்பார். தண்ணீரை மட்டும் பார்க்கமாட்டார். தண்ணீர் சேதாயி கொண்டுவருவது. அதைப் பார்க்க என்ன இருக்கிறது?

"குடிக்கிற தண்ணியிலதான் கொழைக்கணும் புள்ள" என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னாராம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சொன்னதில்லை.

அந்தக் காலத்தில் ஊருக்குத் தலைவர், அம்பலகாரர் வீரணன். அவர் வழியில் வந்தவன்தான் நான். அதனால் இந்தக் கதையை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. என் அப்பா சொல்லும்போதுகூட வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் சொல்வார்.

வீரணன் அம்பலத்துக்கு ஆண் பிள்ளைகளுக்கு நடுவே ஒரே மகள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை வீடு டவுன் பக்கம், சுண்ணாம்புக் காரை வீடு. நம் மகளை ஓலைக்கூரைக்குக் கீழே வைத்துத் தாரை வார்ப்பதா என்று அம்பலகாரருக்கு ரோசம். வயிரவனைக் கூப்பிட்டாராம்.

"வயிரவா, தைக்குள்ள வீடு நிக்கணும்."

"நிக்கும். தண்ணிக்குத்தான் என்ன பண்றதுன்னு பாக்குறேன். ஊருணி வத்திக் கெடக்கே."

"எப்படியாவது பாரு. எம்மானம் உங்கையில இருக்கு."

அந்த வருசம் மழை இல்லை. ஊருணி காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதன் வயிற்றில் குழி தோண்டி, அடியில் கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் வழித்து வழித்துக் குடம் நிரப்ப வேண்டும். ஊற்று என்பார்கள். ஒரு குடத்துக்கு அரைப்பொழுது போய்விடும். ஊர்ப் பெண்கள் எல்லோரும் அங்கேதான். அவர்களோடு சேதாயியும் போய் உட்காருவாளாம், சுவருக்குத் தண்ணீர் எடுக்க.

சும்மா விடுவார்களா?

"எந்திரிங்கடி, கொத்தனார் பொண்டாட்டி வந்துட்டா. செவுத்துக்குத் தாகமாம்."

"எம்புள்ள நாக்கு ஒட்டிக் கெடக்கு. இவ அம்பலத்து வீட்டுச் செவுத்துக்குப் பாலூட்டுறா."

"ஏண்டி சேதாயி, செவுரு குடிச்சது போக மிச்சம் இருந்தா எங்களுக்கும் ஒரு வாய் ஊத்து."

அவளும் பதில் பேசுகிறவள்தான். "எனக்கென்ன வேண்டுதலா? போய் அம்பலத்துக்கிட்டக் கேளுங்க" என்பாளாம். ஆனாலும் உறுத்தியிருக்கிறது. குடத்தைத் தலையில் வைத்து நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் அந்தக் கண்கள்.

அம்பலத்தின் மனைக்குப் பின்னால் ஒரு கேணி உண்டு. உப்புக் கேணி. எந்தக் கோடையிலும் வற்றாது. ஆனால் மாடுகூட மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வேலை நடக்கிற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரம். சுவர் எழும்பி, ஓடு போட்டு, கடைசிப் பூச்சு நடக்கிறது. உள்கூடத்துச் சுவர், கல்யாணப் பந்தி போடுகிற கூடம். ஒருநாள் சேதாயி காலிக் குடத்தோடு ஊற்றுக்குப் புறப்பட்டாளாம். பாதி வழியில் நின்றாளாம். திரும்பிக் கேணிக்கு வந்தாளாம்.

செவுத்துக்கு நாக்கா இருக்கு என்று நினைத்தாளாம்.

ஒரு குடம். ஒன்றும் ஆகவில்லை. சாந்து நன்றாகத்தான் குழைந்தது. இன்னொரு குடம். அதுவும் அப்படித்தான். பிறகு அவள் ஊற்றுப் பக்கம் போகவே இல்லை. ஊற்றில் பெண்களுக்கு ஒரு ஆள் குறைந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வயிரவன் சுவரைப் பார்த்து நின்றபடி பின்னால் கை நீட்டுவார், அவள் சாந்துச் சட்டியைக் கொடுப்பாள். அவர் பூசிக்கொண்டே இருந்தாராம். பூச்சு முடிந்த அன்று கூடத்துச் சுவரில் அவர்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்ததாம்.

"பாரு புள்ள, நீயும் நானும்" என்றாராம் அவர்.

பிறகு மழை வந்தது. வராத மழை கார்த்திகையில் சேர்ந்தாற்போல் வந்தது. வயிரவன் அப்போது மேற்கே வேறொரு ஊரில் வேலைக்குப் போயிருந்தார். மார்கழி ஈரத்தில் அம்பலத்து வீட்டுக் கூடத்துச் சுவரில் அரிசி மாவு தூவினாற்போல் வெள்ளையாகப் பூத்ததாம். புதுச் சுண்ணாம்பு அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் நினைத்து, மேலே ஒரு கை வெள்ளையடித்துவிட்டார்களாம். கல்யாண வேலைக்கு நெல் குத்தப் போன சேதாயி வெள்ளையடிக்கும் முன்பே அதைப் பார்த்தாள். பார்த்ததும் உப்பு என்று தெரிந்துவிட்டது. அவர் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். அவர் வந்தார். அவள் வாய் திறக்கவில்லை.

தை பிறந்தது. கல்யாணம் வந்தது. தாலி கட்டியாயிற்று, பந்தி போட்டாயிற்று. கூடம் நிறைய ஆள். சோற்று ஆவி, குழம்பு ஆவி, மனுசர் மூச்சு. மாப்பிள்ளையின் சித்தப்பா சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே பூச்சு உப்பி நின்றிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. ஒரு பாளம் அப்படியே கழன்று அவர் இலையில் விழுந்ததாம்.

சித்தப்பா இலையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு விரலை வைத்து நாக்கில் வைத்தார்.

"சம்பந்தி, எலையில உப்பு வைக்க மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். உங்க ஊர்ல செவுத்துலேர்ந்து பரிமாறுவீங்களோ?"

டவுன்காரர்கள் சிரித்தார்கள். ஒருத்தர் சிரித்ததும் எல்லோரும். அடுத்த பந்தியில் உட்கார வந்தவர்களும் ஒவ்வொருவராகச் சுவரைத் தொட்டு நக்கிப் பார்த்துச் சிரித்தார்களாம். அம்பலகாரர் முகம் செத்துப்போயிற்று. பெண்ணைப் பெற்றவர், சிரிக்கவும் முடியாது, கோபப்படவும் முடியாது. பின்கட்டில் இலை எடுத்துக்கொண்டிருந்த வயிரவனைக் கூப்பிட்டார்.

"என்னடா ஊத்துன என் செவுத்துல?"

வயிரவன் வந்தாராம். சுவரண்டை போனார். பூச்சு விழுந்த இடத்தில் விரலை வைத்தார். நாக்கில் வைத்தார். சேதாயி அடுக்களை நிலைப்படியில் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லையாம்.

"தப்பு என்னுது" என்றாராம். "தைக்குள்ள முடிக்கணும்னு அவசரம். நான்தான் கேணித் தண்ணியப் போட்டுக் கொழைச்சேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான்."

அம்பலகாரர் அவர் இடுப்பில் செருகியிருந்த கரணையைப் பிடுங்கி வாசலில் எறிந்தாராம். "இந்தச் செவுத்தச் செதுக்கிட்டு மறுபடி பூசிக் குடுத்துட்டுப் போ. அதுக்கப்புறம் இந்த ஊர் எல்லைக்குள்ள நீ கரணை புடிச்சா நான் மனுசனில்ல."

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்பலத்தின் மனைவி குருவம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஊற்றில் உட்கார்ந்த பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேதாயி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளாம். சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான். தண்ணி கொண்டாந்தது நான் என்று சொன்னால் போதும். அவள் வாய் திறக்கவில்லை.

அவர் சுவரைச் செதுக்கினார். மறுபடி பூசினார். அந்தமுறை அவள் ஊருணியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் அப்போதும் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கவில்லையாம். முன்போலவே முதுகைக் காட்டி நின்று கையைப் பின்னால் நீட்டினாராம். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது என்று சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவருக்கு ஊரில் வேலை இல்லை. உப்புக் கொத்தன் என்று பேர் ஆகிவிட்டது. குழந்தைகள் பின்னால் ஓடிவந்து, "உப்புக் கொத்தா, ஒரு கை உப்பு குடு, கஞ்சிக்கு" என்று கேட்பார்களாம். "நாளைக்குத் தர்றேன்" என்று சிரித்துக்கொண்டே போவாராம். சேதாயி பின்னால் சாந்துச் சட்டியோடு நடப்பாள். வெளியூர்களில் அவருக்கு நல்ல பேர். அங்கெல்லாம் வீடு கட்டினார். அங்கெல்லாம் பெண்களை நிற்க வைத்துத் தோள் உயரம் குறித்தார். கடற்கரைப் பக்கம் ஒரு ஊரில் அவர் கட்டிய வீட்டில் மழை பெய்தால் வெளியே இருப்பவர்கள் உள்ளே வர ஆசைப்படுவார்கள் என்று சொல்வார்களாம்.

இந்த ஊரில் அவர் இருந்தது ஓலைக் குடிசையில். கல்யாணமான நாளிலிருந்து உனக்கொரு வீடு கட்டுறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ஊருக்குள் கரணை பிடிக்கக்கூடாது என்றால், சொந்த வீட்டுக்கும் பிடிக்கக்கூடாதுதானே? சில நாள் சாயங்காலம் குடிசைக்கு முன்னால் மணலில் குச்சியால் கோடு போடுவாராம். "இது அடுக்களை. இது காத்து வர்ற சன்னல். ஏ புள்ள, இங்க வந்து நில்லு, ஒன் ஒசரம் பாப்போம்." அவள் போய் நிற்பாளாம். அவர் தோளுக்கு நேராகக் கையை வைத்துப் பார்த்துத் தலையாட்டிக்கொள்வாராம். காலையில் வாசல் பெருக்கும்போது அவளே அந்தக் கோடுகளைக் கூட்டித் தள்ளுவாள்.

எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்திருக்கிறாள். அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. ஒருநாளும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது என்று சில நாள் நினைத்துக்கொள்வாளாம். தெரிந்திருந்தால் ஒரு கோபமாவது, ஒரு சுடுசொல்லாவது வராதா? அப்படி நினைத்தால் கொஞ்சம் தூக்கம் வரும். மறுநாள் அவர் முதுகைக் காட்டிக் கையை நீட்டுவார். தெரிந்துதான் இருக்கிறது என்று மறுபடி தோன்றும்.

வயிரவன் காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளை குட்டி இல்லை. வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்தார்களாம், அவர் கட்டிய வீட்டுக்காரர்கள். கோடித் துணி எடுத்துக்கொண்டு, அழுதுகொண்டு வந்தார்கள். அதைப் பார்த்து உள்ளூர்க்காரர்களுக்கே கூச்சமாகி, ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். வீரணன் அம்பலமும் வந்தார். அவருக்கும் அப்போது வயதாகியிருந்தது, கோபமெல்லாம் வடிந்திருந்தது. பேரன் பேத்தி எடுத்துவிட்டார், மகள் நன்றாக இருக்கிறாள். பாடையருகே நின்று பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"நல்ல வேலைக்காரன். ஒரே ஒரு தடவ தவறிட்டான். நானும் அன்னிக்கே மன்னிச்சு விட்டிருக்கலாம்."

நல்ல மனசோடுதான் சொன்னார். பக்கத்தில் நின்றவர்களும் "ஆமா, பாவம், ஒரு தடவதான்" என்றார்கள்.

உப்புக் கொத்தன் என்று ஊர் சிரித்தபோதெல்லாம் சேதாயி பொறுத்துக்கொண்டாள். இந்த மன்னிப்பை அவளால் பொறுக்க முடியவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாளாம். ஒப்பாரி வைத்த பெண்கள், இவள் பாடப்போகிறாள் என்று நிறுத்தினார்களாம்.

"அவர மன்னிக்காதீங்க அம்பலகாரரே. அவரு தவறவே இல்ல. கேணித் தண்ணி கொண்டாந்தது நான்."

யாருக்கும் விளங்கவில்லை.

"அவருக்குச் சொல்லாமக் கொண்டாந்தேன். ஊத்துல பொம்பளைங்க தாகத்துக்குக் கெடக்குறாங்க, அவங்க தண்ணிய எடுத்துச் செவுத்துல பூசணுமான்னு நெனச்சேன். இத்தன நாளும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். அது பொய்யி. ஊத்து தூரம். கேணி கிட்ட. சோம்பல்ல செஞ்சேன்."

அம்பலகாரர் பாடையைப் பார்த்தார். "அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாராம்.

"தெரியும். செவுத்துல வெரல வச்சு நாக்குல வச்சாரே, அப்பவே தெரியும். என்னைத் திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா நீங்களும் என்னைத்தான் பாத்திருப்பீங்க. அதுக்காகப் பாக்கல. அப்புறமும் கேக்கல. நான் சொல்லுவேன்னு இருந்தாரோ என்னவோ. நான் சொல்லல."

அவள் சுற்றி ஒருமுறை பார்த்தாளாம்.

"அவரு பேர இன்னிக்காவது அவருக்குக் குடுத்துருங்க. உப்புங்கிறது எம்பேரு. நான் வச்சுக்கிறேன்."

அப்போதுதான் குருவம்மா, அம்பலத்தின் மனைவி, எங்கள் வீட்டுப் பெண், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாளாம்:

"நானும் பாத்தேன்டி. கொல்லையில நின்னு பாத்தேன், நீ கேணியில எறைச்சத. ஊத்துல ஒரு ஆளு கொறைஞ்சதால எங்குடம் சீக்கிரம் நெறைஞ்சுச்சு. அதுக்காகச் சும்மா இருந்துட்டேன்."

ஊற்றில் உட்கார்ந்த மற்றப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். யார் யார் பார்த்திருந்தார்கள் என்று அன்றைக்கு யாரும் எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வீரணன் அம்பலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாடைக்குத் தோள் கொடுத்தாராம். அம்பலகாரர் கொத்தனார் பாடைக்குத் தோள் கொடுப்பது இந்த ஊரில் அதற்கு முன்னால் நடந்ததில்லை. கொடுத்தார் என்று பெருமையாகச் சொல்ல எங்களுக்கு வாயில்லை. கரணையைப் பிடுங்கி எறிந்த கையும் அதே கைதானே.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஊர் கூடி, சேதாயிக்கு ஒரு காரை வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்களாம்.

"யாரு கட்டுவா?" என்று கேட்டாளாம் அவள்.

அதற்கு மேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் ஓலைக் குடிசையிலேயே இருந்தாள்.

அதன் பிறகு ஊரில் முதலில் வீடு கட்டியது ஊர்க்கோடியில் ஒரு குடும்பம். வெளியூர்க் கொத்தனார் வந்திருந்தார். சாந்து குழைக்கப் போகிற நேரம், சேதாயி ஒரு குடத்தோடு வந்து நின்றாளாம். யாரும் கூப்பிடவில்லை. ஊருணியிலிருந்து தானே கொண்டுவந்த குடம். எல்லோர் முன்னாலும் அதிலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். பிறகு சத்தமாகச் சொன்னாள்: "தண்ணி கொண்டாந்தது நான்." குடத்தைச் சுண்ணாம்பில் கவிழ்த்தாள். போய்விட்டாள்.

அடுத்த வீட்டுக்கும் வந்தாள். அதற்கடுத்த வீட்டுக்கும் வந்தாள். "வேணாம் ஆத்தா, எங்களுக்குச் சங்கடமா இருக்கு, விட்ருங்க" என்று கெஞ்சிப் பார்த்தார்களாம். "ஒங்க சங்கடத்த நான் என்ன பண்ண?" என்றாளாம். இடுப்பு வளைந்த பிறகும் வந்தாள். குடம் தூக்க முடியாமல் போனபோது செம்பில் கொண்டுவந்தாள். அவள் இறந்துபோன பிறகு அதைச் செய்ய அவள் வழியில் ஆள் இல்லை. அப்போது எங்கள் குருவம்மா எழுந்து, "நான் போறேன்" என்றாளாம். அவளுக்குப் பிறகு அவள் மருமகள். பிறகு அந்தந்த வீட்டில் தண்ணீர் கொண்டுவருகிற பெண்.

கூத்தன்வலசையில் இன்றைக்கும் அது இல்லாமல் வீடு எழும்பாது. இப்போது சிமெண்டு வந்துவிட்டது, லாரியில் தண்ணீர் வருகிறது. கலவை போடுவதற்கு முன் தண்ணீர் கொண்டுவந்தது யாரோ அவர் எல்லோர் முன்னாலும் ஒரு கை குடித்துவிட்டு, தண்ணி கொண்டாந்தது நான் என்று சொல்ல வேண்டும். லாரி டிரைவர் என்றால் டிரைவர் சொல்ல வேண்டும். வெளியூர் டிரைவர்களுக்கு இது வேடிக்கை. "சாமி கும்பிடுறதுக்குப் பதிலா இதுவா?" என்று கேட்டுக்கொண்டே சிரித்தபடி சொல்வார்கள். நாங்கள் விளக்கம் சொல்வதில்லை.

சொல்கிறவர் சிரித்துச் சொன்னாலும் சரி, சிரிக்காமல் சொன்னாலும் சரி, அந்த வார்த்தை காதில் விழும்போது இந்த ஊர்க்காரர் நாங்கள் ஒருவரும் தலை நிமிர்ந்து நிற்கமாட்டோம்.